உனக்கு இது போதும்

கலையரசன் எதை விற்றாலும் அதைத் தானே கண்டுபிடித்தவன் மாதிரிதான் பேசுவான். மரக்காணம் கடைத்தெருவில் ஒரு செல்போன் கடையில் எட்டு வருடமாக விற்பனைக்கு நிற்கிறான். அந்த மாதம் கடைக்கு நாற்பது தொடுதிரை டேப் வந்து இறங்கியிருந்தது. இறங்கிய நாளிலிருந்து லேப்டாப்புக்குக் காலம் முடிந்துவிட்டது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்ல ஆரம்பித்தான். டீக்கடையில் சொன்னான். பஸ் ஸ்டாப்பில் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை கறி வெட்டுகிறவரிடமும் சொன்னான். அவர் கத்தியைத் தூக்கிப் பிடித்தபடி பாவமாகக் கேட்டுக்கொண்டார். அவன் மனைவி சங்கீதா இதற்கெல்லாம் காது கொடுப்பதை நிறுத்தி ரொம்ப நாளாகிறது. ஆனால் அந்தப் பேச்சு ஒரு நாள் வீட்டுக்குள் வந்து தன் மேசையைக் காலி செய்யும் என்று அவள் நினைக்கவில்லை.

தங்கை பிள்ளைக்குக் காது குத்து என்று இரண்டு நாள் பெரிய முதலியார்சாவடிக்கு, அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். திங்கட்கிழமை மத்தியானம் திரும்பி வந்து பையை இறக்கினால், ஜன்னலோர மேசையில் லேப்டாப் இல்லை. அது இருந்த இடம் மட்டும் தூசி படியாமல் சதுரமாகத் தெரிந்தது. பக்கத்தில் ஒரு புது அட்டைப்பெட்டி. அதற்கு ரோஸ் கலரில் ரிப்பன் வேறு.

கலையரசன் சாப்பாட்டு நேரத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தான். கட்டிலில் சாப்பிட்ட தட்டோடு உட்கார்ந்து, அவள் முகத்தில் சந்தோஷம் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"லேப்டாப் எங்கங்க?"

"மொதல்ல பெட்டியப் பிரி."

"லேப்டாப் எங்க?"

"செந்தமிழுக்குக் குடுத்துட்டேன். நர்சிங் காலேஜ் சேர்ந்துச்சுல்ல. தாய்மாமன் வெறுங்கையோட போவ முடியுமா? தட்டுல கல்கண்டு, பூவு, பழம், நடுவுல லேப்டாப்பு. அனுமந்தை ஊரே வாயப் பொளந்துச்சு."

செந்தமிழ் அவன் அக்கா சூர்யகலாவின் மகள். நல்ல பெண். அவளுக்குக் கொடுத்ததில் சங்கீதாவுக்கு வருத்தமில்லை என்று சொல்ல முடியாது, ஆனால் அது இரண்டாவது வருத்தம்தான். அந்த லேப்டாப் சங்கீதா சம்பாதித்து வாங்கியது. தாய்மாமன் சீர் என்று தட்டில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனானே, அதில் தாய்மாமனுடையது கல்கண்டு மட்டும்தான்.

"என் வேலை அதுலதான இருக்குது?"

"எல்லாம் கிளவுட்ல ஏத்திட்டேன். ஒண்ணும் போவல. லேப்டாப்புல செய்யற அத்தனையும் இதுல செய்யலாம். உப்புக் காத்துல துரு புடிக்காது, சூடாவாது, படுத்துக்கினே வேலை பாக்கலாம்." எழுந்து தட்டைக் கழுவப் போட்டவன், வாசல் வரை போய்த் திரும்பிச் சொன்னான். "நீ என்னா பெரிய சாப்ட்வேரா எழுதற? கொக்கு எண்ற வேலைதான. உனக்கு இது போதும்."

சங்கீதாவின் வேலை கொக்கு எண்ணுவது இல்லை. குயிலாப்பாளையத்தில் ஒரு சின்ன அமைப்பு இருந்தது. மரக்காணம் உப்பளங்களிலும் கழுவெளி ஏரியிலும் வந்து இறங்கும் நீர்ப்பறவைகளை அவர்கள் வருடம் முழுக்கக் கணக்கெடுத்தார்கள். ஆட்கள் விடியற்காலையில் வரப்பில் நின்று, பாத்தி பாத்தியாகப் பார்த்து, பென்சிலால் தாளில் குறிப்பார்கள். அந்தத் தாள்களின் படங்கள் சங்கீதாவுக்கு வரும். திரையில் இடது பக்கம் தாளின் படம், வலது பக்கம் பட்டியல். பாத்தி எண், நேரம், பறவை, எத்தனை. சேற்றுக் கையால் எழுதியதை, மழையில் கரைந்ததை, ஒன்றா ஏழா என்று தெரியாததை எல்லாம் அவள் படித்து ஏற்றுவாள். விலங்கியல் படித்தவள் என்பதால், பிப்ரவரியில் இருக்கக் கூடாத பறவை தாளில் இருந்தால் எழுதினவரைப் போனில் பிடித்துக் கேட்பாள். இரண்டு வருடத்தில் அவள் ஏற்றிய தாளில் ஒரு பிழை கண்டுபிடித்ததாக யாரும் சொன்னதில்லை. அமைப்பில் பட்டியலுக்குப் பொறுப்பான கிருபா, கொஞ்ச நாளாகச் சரிபார்ப்பதையே விட்டுவிட்டாள்.

இதையெல்லாம் கலையரசனுக்கு ஒருமுறை சொல்லியிருக்கிறாள். கல்யாணமான புதிதில் எதையும் அவனுக்கு விளக்கிச் சொல்லும் பழக்கம் இருந்தது.

சரி, முயன்று பார்க்காமல் குறை சொல்லக் கூடாது என்று அன்று சாயங்காலமே டேப்பைத் திறந்தாள். படம் பளிச்சென்று இருந்தது, அதை மறுப்பதற்கில்லை. பென்சில் எழுத்தை விரலால் விரித்துப் பெரிதாக்கிப் பார்க்க லேப்டாப்பைவிட வசதியாகவே இருந்தது. படிக்கிறவரைக்கும் எந்தத் தொந்தரவும் இல்லை. எழுத ஆரம்பித்ததும்தான் வந்தது. திரையைப் பாதியாகப் பிரித்து ஒரு பக்கம் படம், ஒரு பக்கம் பட்டியல் வைத்தாள். கட்டத்தைத் தொட்டதும் விசைப்பலகை கீழிருந்து எழும்பி வந்து இரண்டையும் பாதி மூடியது. மிச்சத்தில் நான்கு வரி தெரிந்தது. கிருபா கட்டி வைத்திருந்த பட்டியலில் பறவையின் முதல் இரண்டு எழுத்தைத் தட்டினால் முழுப் பெயரும் தானாக வந்து விழும். இதில் விழவில்லை. பவழக்கால் உள்ளான், பவழக்கால் உள்ளான் என்று எழுபது தடவை முழுசாகத் தட்டினாள்.

மறுநாள் கலையரசனிடம் சொன்னாள். அவன் சிரித்தான். "கீபோர்டு இல்லாம அடிச்சா அப்படித்தான்." சாயங்காலம் கடையிலிருந்து மடக்கு விசைப்பலகை ஒன்று கொண்டுவந்தான். அது மடியில் நிற்கவில்லை. அதற்கு மறுநாள் ஸ்டாண்டு வந்தது. விரலால் சரியான கட்டத்தைத் தொட முடியவில்லை என்றதும் பேனா வந்தது. பேனா சரிப்படாமல் மவுஸ் வந்தது. மவுஸையும் சார்ஜரையும் ஒரே நேரத்தில் சொருக முடியாததால் இரண்டுக்கும் பொதுவாக ஒரு பிளக் வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் மேசை முழுக்க ஒயர். முழு லேப்டாப்பைக் கொடுத்துவிட்டு, இப்போது அதைத் துண்டு துண்டாகத் திரும்ப வாங்கிக்கொண்டு வருகிறான் என்பது சங்கீதாவுக்குப் புரிந்தது. அவனுக்குப் புரியவில்லை. ஒவ்வொரு துண்டைக் கொண்டுவரும்போதும் அவன் முகத்தில் அதே வெற்றி.

"இப்ப பாரு. அப்படியே லேப்டாப்பு."

"அப்படியே லேப்டாப்பா இருக்கறதுக்கு லேப்டாப்பே இருந்திருக்கலாமே."

"ஒனக்கு எதச் சொன்னாலும் எதிர்ப்பேச்சு" என்றான், மனம் நோகாமல். அவனை நோகடிப்பது சுலபமில்லை. அவன் தன்னைப் பற்றி வைத்திருந்த எண்ணம் அவ்வளவு கெட்டியானது.

எப்படியோ நாற்பத்தாறு தாளையும் முடித்து அனுப்பினாள். வழக்கமாக மூன்று நாளில் முடிகிற வேலை, எட்டு நாள் ஆனது. அனுப்பிய மறுநாள் காலை பத்து மணிக்குக் கிருபா கூப்பிட்டாள்.

"சங்கீதா, ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

"இல்லையே, ஏங்க?"

"பன்னெண்டாம் பாத்தியில மூவாயிரத்து எண்ணூறு பூநாரைன்னு போட்டிருக்கீங்க. அவ்ளோ எறங்குனா பாத்தியே கண்ணுக்குத் தெரியாதே. அதுக்கு அடுத்த தாள்ல பதினேழு வரி மொத்தமா ஒண்ணு கீழ எறங்கி இருக்குது. கூழைக்கடாவோட நம்பர் எல்லாம் ஆலாவுக்குப் போயிருக்குது. சாயங்காலம் மீட்டிங்ல காட்டணும்னு சும்மா திறந்து பாத்தேன். நல்லவேளை."

சங்கீதாவுக்கு முகம் எரிந்தது. தாளில் முப்பத்தெட்டு என்றுதான் இருந்தது. எந்த நொடியில் விரல் பட்டு இரண்டு பூஜ்யம் சேர்ந்தது, எந்த நொடியில் கட்டம் இழுபட்டுக் கீழே இறங்கியது என்று அவளுக்கே தெரியாது. அதுதான் அவளை அதிகமாகச் சுட்டது. அவள் கைக்குத் தெரியாமல் அவள் பெயரில் ஒரு பிழை போயிருக்கிறது. கிருபா திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். உடம்பு சரியில்லையா என்று கேட்டதைத்தான் தாங்க முடியவில்லை.

"மத்தியானத்துக்குள்ள சரி பண்ணி அனுப்பறேங்க" என்று போனை வைத்தாள். டேப், விசைப்பலகை, ஸ்டாண்டு, பேனா, மவுஸ், பிளக் எல்லாவற்றையும் ஒரு கட்டைப்பையில் போட்டாள். புடவையை மாற்றிக்கொண்டு, ஷேர் ஆட்டோ பிடித்துக் கடைத்தெருவுக்குப் போனாள்.

கடையில் கலையரசன் மும்முரமாக இருந்தான். எதிரில் அந்தோணிராஜ். கடலோரக் குப்பத்தில் சொந்தப் படகு வைத்திருக்கிறவர்; சங்கீதா வாரம் ஒருமுறை அவர் வீட்டில்தான் மீன் வாங்குவாள். பக்கத்தில் அவர் மகள் காலேஜ் அட்மிஷன் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைத்திருந்தது. லேப்டாப் வாங்கத்தான் வந்திருந்தார்கள். கலையரசன் அவர்களை டேப் பக்கம் நகர்த்திக்கொண்டிருந்தான்.

"லேப்டாப்பு இனிமே பழைய சாமான்ணே. இதுல இல்லாதது அதுல என்னா இருக்குது சொல்லுங்க?"

"இதுல கோடிங் பண்ண முடியுமா சார்?" என்றது பெண், மெதுவாக.

"எல்லாம் முடியும் பாப்பா. எங்க வீட்டுலயே லேப்டாப்பத் தூக்கிப் போட்டுட்டு இதத்தான் வச்சிருக்கோம். என் ஒய்ப் ஆபீஸ் வேலை முழுக்க இதுலதான் பாக்கறாங்க. ஒரு கொறை சொன்னதில்ல."

சங்கீதா கல்லாவுக்கு எதிரில் வந்து பையைக் கண்ணாடி மேல் வைத்தாள். அவளைப் பார்த்ததும் கலையரசன் முகம் கொஞ்சம் வெளுத்து, உடனே சிரித்தது.

"தோ, அவங்களே வந்துட்டாங்க. கேட்டுக்குங்கண்ணே."

"ஒரு சின்ன சந்தேகம் சார்" என்றாள் சங்கீதா.

அவள் அவனை சார் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. கல்லாவில் உட்கார்ந்திருந்த முதலாளி நடராசன் பேப்பரிலிருந்து நிமிர்ந்தார். சங்கீதா ஒவ்வொரு சாமானாக எடுத்து வெளியே வைத்தாள். கடைசியில் டேப்பை நிறுத்தி, பதினேழு வரி இறங்கிப் போயிருந்த தாளையும் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்தாள்.

"இந்தத் தாள்ல இருக்கறத இந்தப் பட்டியல்ல ஏத்தணும். இருபது வரிதான். லேப்டாப்புல எனக்கு ஆறு நிமிஷம் ஆவும். நீங்க பண்ணிக் காட்டுங்க."

"வீட்டுல பேசிக்கலாம் சங்கீதா."

"வீட்டுல எட்டு நாளா பேசியாச்சு சார். கஸ்டமர் பாக்கறாங்க."

அந்தோணிராஜ் ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு புரிந்தது. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு வசதியாக உட்கார்ந்தார்.

கலையரசன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான். முதல் வரியைப் பந்தாவாகத் தட்டினான். இரண்டாவது வரியில் திரையின் விசைப்பலகை எழும்பிப் படத்தை மூடியது. அதை இறக்கினான். கட்டம் தப்பியது. மவுஸைச் சொருகினான். ஸ்டாண்டு சரிந்தது. அதை இடது கையால் பிடித்துக்கொண்டு வலது கையால் தட்டினான். பறவையின் பெயரைப் படிக்கத் தெரியாமல் குனிந்து, "இது இன்னாது, ஆலாவா ஆவாரையா?" என்று கேட்டான். ஐந்தாவது வரியில் திரை தானாகத் திரும்பிக் குறுக்கில் இருந்தது நெடுக்கில் போனது. நெற்றியில் வியர்வை. ஏ.சி. அவன் தலைக்கு நேர் மேலேதான் ஓடிக்கொண்டிருந்தது. கடைக்கு வந்த இன்னும் இரண்டு பேர் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்த்தார்கள். சங்கீதா கைகட்டி நின்று பார்த்தாள். எட்டு நாள் தான் பட்ட அவதியை அவன் உடம்பில் பார்க்கும்போது பாவமாக இருக்கும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தாள். இல்லை.

இருபத்திரண்டு நிமிடத்தில் ஒன்பது வரி வந்திருந்தது. அதில் இரண்டு தப்பு. சங்கீதா அதை விரல் வைத்துக் காட்டினாள்.

"இது சும்மா பறவைக் கணக்குன்ணே" என்றான் கலையரசன் அந்தோணிராஜிடம், கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி. "இந்த மாதிரி வேலை யாரு செய்யப் போறா?"

"எம் பொண்ணு செய்வா" என்றார் அந்தோணிராஜ். "நாலு வருஷம் அதத்தான செய்யப் போவுது." நடராசன் பக்கம் திரும்பினார். "மொதலாளி, லேப்டாப்பே காட்டுங்க. இந்தத் தம்பி வேணாம். நீங்க காட்டுங்க."

நடராசன் எழுந்து வந்தார். லேப்டாப் விலை கூடுதல் என்பதால் அவருக்கு ஒன்றும் நஷ்டமில்லை. முகம் மலர்ந்துதான் இருந்தது. அந்தப் பெண் எதையெதைக் கேட்க வேண்டும் என்று சங்கீதாவிடம் கேட்டாள். சங்கீதா நின்று நிதானமாகச் சொன்னாள். அரைமணி நேரத்தில் வியாபாரம் முடிந்தது. கலையரசன் அதுவரை போன் கவர் தொங்கவிட்டிருக்கும் மூலையில் நின்று, ஏற்கெனவே அடுக்கியிருந்த கவர்களைத் திரும்ப அடுக்கினான்.

"ஏம்மா, வாரத்துல ரெண்டு நாள் வந்து கடையில நில்லேன்" என்றார் நடராசன். "இவனவிட நல்லா விப்ப போலிருக்குது."

"எனக்கு வேலை இருக்குதுங்க" என்றாள் சங்கீதா. அங்கேயே ஒரு ஓரத்தில், கடையின் கம்ப்யூட்டரைக் கேட்டு வாங்கி, கிருபாவுக்கு அனுப்ப வேண்டியதைச் சரிசெய்து அனுப்பிவிட்டுத்தான் கிளம்பினாள்.

அன்று ஜெயித்தாயிற்று. ஆனால் மேசை காலியாகத்தானே இருந்தது. கொடுத்த சீரைத் திரும்பக் கேட்பது எப்படி? வாரக் கடைசி வரை யோசித்தாள். ஞாயிற்றுக்கிழமை டேப்பையும் அதன் பரிவாரத்தையும் எடுத்துக்கொண்டு அனுமந்தைக்குப் பஸ் ஏறினாள். கொஞ்ச நாளைக்கு மட்டும், அவசர வேலைக்கு, என்று எப்படி ஆரம்பிப்பது என்று பஸ்ஸில் வார்த்தையைத் தேடிக்கொண்டே போனாள்.

சூர்யகலா வாசலில் வத்தல் காயவைத்துக்கொண்டிருந்தாள். "வா சங்கீதா. தம்பி வரலையா? செந்தமிழு உள்ளதான் இருக்குது, போ."

உள்ளே செந்தமிழ் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு அழாத குறையாக இருந்தாள். அத்தையைப் பார்த்ததும் மூடினாள். பிறகு திறந்தாள்.

"அத்த, மாமா கிட்ட சொல்லாதீங்க. இதுல என்னமோ கோளாறு. ஏ தட்டுனா க்யூ வருது. அசைன்மெண்ட்ட அப்படியே அனுப்பிட்டேன். கிளாஸ்ல எல்லாரும் சிரிச்சிட்டாங்க."

சங்கீதாவுக்கு ஒரு கணம் விளங்கவில்லை. அப்புறம் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அந்த லேப்டாப்பைக் குயிலாப்பாளையத்தில், ஊருக்குத் திரும்பிப் போன ஒரு பிரெஞ்சுக்காரரிடம்தான் வாங்கினாள். விசைகள் மேல் அச்சடித்திருப்பது அவர்கள் நாட்டு எழுத்து வரிசை; நமக்குக் க்யூ இருக்கும் இடத்தில் அதில் ஏ. உள்ளே வேலை செய்வது நம் ஊர் வரிசை. விசையைப் பார்க்காமல் அடிக்கிற சங்கீதாவுக்கு அது ஒரு நாளும் தடையாக இருந்ததில்லை. மூன்று வருடம் ஒரே வீட்டில் இருந்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனையோ தடவை படம் பார்த்த கலையரசன், கணினிப் பொருள் விற்றுப் பிழைக்கிறவன், அதைக் கவனித்ததே இல்லை. தட்டில் பூவோடு வைக்கும்போதுகூடப் பார்க்கவில்லை.

"அதுவும் போவ," என்றாள் செந்தமிழ், தைரியம் வந்தவளாய், "டெய்லி பஸ்ல நின்னுக்கினே போறேன் அத்த. இதத் தூக்கினா தோள் விட்டுப் போவுது. எங்களுக்கு எல்லாம் பிடிஎஃப்பும் வீடியோவும்தான். படத்து மேல குறிச்சிக் குறிச்சிப் படிக்கணும். எல்லாரும் டேப்தான் வச்சிருக்காங்க. மாமா சீரா குடுத்தத வேணாம்னு எப்படிச் சொல்றது?"

சங்கீதா கட்டைப்பையை அவள் மடியில் வைத்தாள்.

செந்தமிழ் பேனாவை எடுத்து, இதயத்தின் படம் ஒன்றைத் திறந்து, இரத்தக் குழாய்களின் மேல் சிவப்பும் நீலமுமாக இழுத்துப் பார்த்தாள். அவள் கையில் அந்தச் சாமான் ஒழுங்காக வேலை செய்தது. ஸ்டாண்டு கூடச் சரியவில்லை. அதைப் பார்க்கச் சங்கீதாவுக்குக் கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது. அதைவிட அதிகமாக நிம்மதியாக இருந்தது. எட்டு நாளாக அவள் டேப்பைத் திட்டிக்கொண்டிருந்தாள். அது பாவம் என்ன செய்யும். யாரிடம் போக வேண்டும் என்று அதற்கா தெரியும்?

லேப்டாப்பைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு மத்தியானமே திரும்பிவிட்டாள்.

சாயங்காலம் வந்த கலையரசன் மேசையைப் பார்த்தான். கடையில் நடந்ததற்குப் பிறகு அவளோடு பேசாதவன், இப்போது பேசினான்.

"யாரக் கேட்டு மாத்துன?"

"செந்தமிழக் கேட்டேன்."

"அது சீரு. எங்கக்கா என்னா நெனைக்கும்?"

"உங்கக்கா வத்தல் ஒரு பை குடுத்தனுப்பினாங்க. சமையக்கட்டுல இருக்குது. இனிமே இந்த மேசையில இருக்கறத எடுக்கறதுன்னா என்னைக் கேளுங்க. இல்லன்னா நான் மறுபடியும் கடைக்கு வருவேன்."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். கலையரசனுக்கு முதலாளி முன்னால், அந்தோணிராஜ் முன்னால், ஏ.சி.க்குக் கீழே வியர்த்து நின்றது ஞாபகம் வந்திருக்கும். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் போய் டீவி போட்டான்.

பத்து நாள் கழித்து அவன் வாட்ஸாப்பில் ஸ்டேட்டஸ் ஒன்று போட்டான். செந்தமிழ் பஸ்ஸில் நின்றபடி டேப்பில் படிக்கிற படம். கீழே எழுதியிருந்தான்: தாய்மாமன் தந்த சீர், எதிர்காலம் டேப்பில்தான். கடை நம்பரும் போட்டிருந்தான்.

சங்கீதா அப்போது புதிதாக வந்த தாள்களில் இருந்தாள். ஜன்னலுக்கு வெளியே உப்பு வாரிக் குவித்த பாத்திகளில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. இடது பக்கம் யாரோ சேற்றுக் கையால் எழுதிய பென்சில் எழுத்து, வலது பக்கம் பட்டியல். விரல்கள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன.

"ஸ்டேட்டஸ் பாத்தியா?" என்றான் கலையரசன் உள்ளறையிலிருந்து. "அம்பத்தாறு பேரு பாத்துட்டாங்க. நான் அன்னிக்கே சொல்லல, செந்தமிழுக்கு டேப்புதான் சரின்னு?"

அவன் அப்படிச் சொல்லவே இல்லை. ஆனால் சொன்னதாகவே நம்புகிறான் என்பது குரலிலேயே தெரிந்தது. அதை அவனுக்கு எடுத்துச் சொல்ல ஒரு நிமிடம் ஆகும். அந்த ஒரு நிமிடத்தில் மூன்று வரி ஏற்றலாம்.

"பாத்தேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த பாத்திக்குப் போனாள்.